குப்பை எரிந்தால் நஞ்சு எங்கே போகும்?

வீட்டைப் பெருக்குகிறோம். குப்பை சேர்கிறது. அதை எங்கே போடுவது? குப்பை வண்டி வரும் ஊரில் கவலை இல்லை. வண்டி வராத ஊரில் மக்கள் என்ன செய்கிறார்கள்? வீட்டின் பின்புறம் குவிக்கிறார்கள். தீக்குச்சியைக் கிழித்துப் போடுகிறார்கள். சிறிது நேரம் புகை வருகிறது. பிறகு ஒரு கூடை சாம்பல் மிஞ்சுகிறது.

குப்பை போய்விட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் குப்பை போகவில்லை. ஒரு பகுதி புகை ஆகிறது. மறு பகுதி சாம்பல் ஆகிறது. புகையைப் பற்றிப் பலருக்குத் தெரியும். இருமல் வரும், கண் எரியும். சாம்பலைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு. அதைப் பற்றித் தெரிந்துகொள்ளவே இந்தப் பாடம்.

1. பழைய சாம்பலும் புதிய சாம்பலும்

சாம்பல் நமக்குப் பழைய நண்பன். பாத்திரம் துலக்கச் சாம்பல். விதை கெடாமல் காக்கச் சாம்பல். அவரைச் செடியில் அசுவினி வந்தால் இலைமேல் தூவச் சாம்பல். பயிருக்கு வேண்டிய சத்துகளைத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று உழவர்கள் சொல்வார்கள். ஒரு சத்துக்குப் பெயரே சாம்பல்! விறகுச் சாம்பலில் அந்தச் சத்து உண்டு.

அந்தச் சாம்பல் எதிலிருந்து வந்தது? விறகு, வரட்டி, தென்னை மட்டை, சோளத்தட்டை. எல்லாம் மண்ணில் விளைந்தவை. அவற்றின் சாம்பல் மண்ணுக்கே திரும்பியது. அதனால் கெடுதல் இல்லை.

இன்று குப்பைக் குவியலில் என்ன கிடக்கிறது? ஷாம்பு பாக்கெட், பால் கவர், மாத்திரை அட்டை, டார்ச் செல், அறுந்த வயர், உடைந்த பொம்மை, பழைய ரெக்சின் பை, பெயிண்ட் அடித்த ஜன்னல் கட்டை, உடைந்த டியூப் லைட். இவற்றில் எதுவும் வயலில் விளைந்தது இல்லை. எல்லாம் தொழிற்சாலையில் செய்தவை. இவை எரிந்து வரும் சாம்பலும் பார்ப்பதற்குப் பழைய சாம்பலைப் போலவே இருக்கும். அதே நிறம், அதே தூள். ஆனால் குணம் வேறு.

2. மாமியாரும் மருமகளும்

ஒரு வீட்டில் மாமியார் கூடையோடு தெருவுக்குப் போனார். முதல் நாள் எரிந்த குப்பைச் சாம்பலை அள்ளத் தொடங்கினார். மருமகள் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"அத்தை, அந்தச் சாம்பலை அள்ளாதீங்க."

"ஏம்மா? சும்மாதானே கிடக்கு? கீரைப் பாத்தியில போட்டா நல்லா வரும்."

"இது அடுப்புச் சாம்பல் இல்லை அத்தை. குப்பை எரிஞ்ச சாம்பல்."

"எதுவா இருந்தா என்ன? நெருப்புல விழுந்தா எல்லாம் சுத்தம் ஆயிடும். அழுக்கும் போயிடும், கிருமியும் போயிடும்."

"கிருமி போயிடும் அத்தை. நஞ்சு போகாது."

மருமகள் ஒரு குச்சியால் சாம்பலைக் கிளறினார். ஒரு செல்லின் தகரக் கூடு வந்தது. செம்புக் கம்பி வந்தது. உருகிக் கட்டியான பிளாஸ்டிக் வந்தது.

"பாருங்க அத்தை. வயர் மேல இருந்த தோல் எரிஞ்சு போச்சு. உள்ளே இருந்த கம்பி எரியலை. கண்ணுக்குத் தெரியிற கம்பியே அப்படியே இருக்கு. கண்ணுக்குத் தெரியாத ஈயம் மட்டும் எங்கே போகும்? இந்தத் தூளுக்குள்ளேதான் இருக்கும்."

மாமியார் கூடையைக் கீழே வைத்தார்.

"அப்ப, இத்தனை வருசம் நான் பாத்திரம் துலக்கின சாம்பல்?"

"அது நம்ம அடுப்புச் சாம்பல். விறகும் வரட்டியும் எரிஞ்சது. அது நல்ல சாம்பல்தான் அத்தை. ஆனா அடுப்பு பத்த வைக்கப் பால் கவரைச் சொருகுறீங்களே, அதை மட்டும் விட்டுடுங்க."

"அது சட்டுன்னு பத்திக்குமேம்மா."

"காஞ்ச பன்னாடையும் சட்டுன்னு பத்திக்கும்."

மாமியார் சிரித்தார். கூடையைக் கவிழ்த்துத் தட்டினார். கை கழுவப் போனார்.

3. எரியாத நஞ்சு

மருமகள் சொன்னது சரி. இரும்பு எரிந்து மறையாது. செம்பு எரிந்து மறையாது. ஈயம், காட்மியம், ஆர்சனிக் போன்றவையும் அப்படித்தான். நெருப்பு இவற்றை அழிக்காது, இடம் மாற்றும். பொருளுக்குள் கட்டுண்டு கிடந்ததைத் தூளாக்கி வெளியே விடும்.

இவை எந்தெந்தப் பொருளில் இருக்கின்றன?

ஈயம்: பழைய பெயிண்டில் உண்டு. மஞ்சள், சிவப்பு பெயிண்டில் அதிகம். இந்தியாவில் 2017 நவம்பர் முதல் பெயிண்டில் ஈயத்துக்குக் கடுமையான வரம்பு உண்டு. 10 லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஆனால் அதற்கு முன் அடித்த பெயிண்ட் பழைய கதவிலும் ஜன்னலிலும் இன்னும் இருக்கிறது. பழைய பி.வி.சி. குழாயிலும் ஈயம் உண்டு. எமர்ஜென்சி லைட்டுக்குள் இருக்கும் பேட்டரியிலும் உண்டு. டி.வி., ரேடியோவின் பற்றவைப்பிலும் உண்டு.

காட்மியம்: சிலவகை ரீசார்ஜ் பேட்டரியில் உண்டு. சில பிளாஸ்டிக் பொருள்களின் மஞ்சள், சிவப்புச் சாயத்திலும் இருந்தது.

பாதரசம்: டியூப் லைட், சி.எஃப்.எல். பல்பு, பழைய காய்ச்சல் மானி, சில பொத்தான் செல் ஆகியவற்றில் உண்டு. சூடு பட்டால் பாதரசம் ஆவியாகும். புகையோடு போய்விடும். அருகில் நிற்பவர்கள் அதைச் சுவாசிப்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு குவியலில் 10 கிலோ குப்பை இருக்கிறது. அதில் 10 கிராம் ஈயம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1 கிலோ குப்பையில் 1 கிராம் ஈயம்.

குப்பையை எரித்தாகிவிட்டது. 2 கிலோ சாம்பல் மிஞ்சியது. ஈயம் முழுவதும் சாம்பலில் தங்கினால், 1 கிலோ சாம்பலில் எத்தனை கிராம் ஈயம்? 5 கிராம்.

குப்பை குறைந்தது. நஞ்சு குறையவில்லை. 10 கிலோவில் பரவி இருந்தது 2 கிலோவுக்குள் வந்துவிட்டது. ஒரு குடம் பாலைச் சுண்டக் காய்ச்சினால் இனிப்பு கூடுகிறது அல்லவா? அதைப்போல எரித்தால் சாம்பலில் நஞ்சு செறிகிறது.

4. நெருப்பு புதிதாகச் செய்யும் நஞ்சு

குப்பையில் முன்பு இல்லாத நஞ்சையும் நெருப்பு உண்டாக்கும். அதன் பெயர் டையாக்சின்.

பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கில் குளோரின் இருக்கிறது. வயர் தோல், ரெக்சின், ஃபிளெக்ஸ் பேனர், மாத்திரை அட்டை, தண்ணீர்க் குழாய் ஆகியவை பெரும்பாலும் பி.வி.சி.யால் ஆனவை. இவை அரைகுறையாக எரியும்போது குளோரினும் கரியும் சேர்கின்றன. டையாக்சின் பிறக்கிறது. செம்பு இருந்தால் இந்தச் சேர்க்கை இன்னும் எளிதாகிறது. செம்புக் கம்பிக்காக வயரை எரிப்பது அதனால்தான் மிகவும் கெடுதல்.

சுமார் 200 முதல் 450 டிகிரி வரை உள்ள சூட்டில் டையாக்சின் நன்றாக உருவாகும். தெருவில் புகைந்து புகைந்து எரியும் குப்பையில் அந்தச் சூடு இருக்கிறது. பிறந்த டையாக்சின் புகைக்கரியிலும் சாம்பல் தூளிலும் ஒட்டிக்கொள்கிறது.

டையாக்சின் நீரில் கரையாது. கொழுப்பில் கரையும். அதனால் உடம்பின் கொழுப்பில் தங்கும். பாதி வெளியேறவே பல ஆண்டுகள் ஆகும். டையாக்சின்களில் மிகக் கொடிய ஒன்று மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997இல் அறிவித்தது.

5. சாம்பலிலிருந்து உடம்புக்கு

சாம்பல் தெருவில் கிடக்கிறது. யாரும் அதைத் தின்பதில்லை. பிறகு எப்படி உடம்புக்குள் போகிறது? நான்கு வழிகள் உண்டு.

முதல் வழி காற்று. காய்ந்த சாம்பல் பறக்கும். மூச்சோடு உள்ளே போகும்.

இரண்டாவது வழி கை. குழந்தை மண்ணில் விளையாடும். அதே கையை வாயில் வைக்கும். ஈயம் குழந்தையின் மூளையைப் பாதிக்கும். படிப்பு ஏறாது, கவனம் நிற்காது. ஈயத்தில் இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது. பெரியவர்களை விடக் குழந்தைகளின் உடம்பு ஈயத்தை அதிகமாக ஏற்றுக்கொள்ளும். கர்ப்பிணியின் உடம்பில் உள்ள ஈயம் வயிற்றில் உள்ள பிள்ளைக்கும் போகும்.

மூன்றாவது வழி தண்ணீர். மழை பெய்கிறது. சாம்பல் ஊறுகிறது. டிகாக்ஷன் இறங்குவது போல நஞ்சு கரைந்து மண்ணுக்குள் இறங்குகிறது. கிணறு அருகில் இருந்தால் கிணற்றுக்கும் போகலாம்.

நான்காவது வழி உணவு. கீரையும் கிழங்கும் மண்ணில் உள்ள காட்மியத்தை எடுத்துக்கொள்ளும். காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எலும்பையும் பலவீனமாக்கும். கோழி சாம்பலைக் கிளறும். கொத்தித் தின்னும். அதில் உள்ள டையாக்சின் முட்டையின் மஞ்சள் கருவில் சேரும். மாடு அந்த இடத்தில் மேய்ந்தால் பாலின் கொழுப்பில் சேரும்.

பிள்ளைக்கு நல்லது என்று தாய் முட்டை கொடுக்கிறார். பால் கொடுக்கிறார். கீரை கொடுக்கிறார். தெருவில் எரித்த குப்பை இந்த மூன்றிலும் வந்து உட்காரலாம்.

இன்னொருவரையும் மறக்கக் கூடாது. தெருக் கூட்டுபவர். அவர்தான் சாம்பலைக் கூட்டுகிறார், அள்ளுகிறார், சுமக்கிறார். பெரும்பாலும் கையுறை இல்லை. நாள் முழுதும் அந்தத் தூள் அவர்மீது படிகிறது. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அவர் சேலையில் உள்ள தூள் அவர் பிள்ளையின் மேலும் படிகிறது.

6. பெரிய உலையில் எரிக்கலாமா?

வீட்டில் எரிக்கக் கூடாது. சரி. அரசு பெரிய உலை கட்டி எரிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி.

பெரிய உலையில் எரிப்பதற்கு முறை உண்டு.

முதலில், சூடு. எரியும் வாயு 850 டிகிரிக்கு மேல் குறைந்தது 2 நொடி இருக்க வேண்டும். அந்தச் சூட்டில் டையாக்சின் உடையும்.

அடுத்து, விரைவாகக் குளிர்விக்க வேண்டும். மெதுவாகக் குளிர்ந்தால் உடைந்த டையாக்சின் மீண்டும் உருவாகும்.

பிறகு, புகையைக் கழுவ வேண்டும். சுண்ணாம்பைத் தூவினால் அமில வாயுக்கள் அடங்கும். சிறப்பு வகைக் கரித்தூளைத் தூவினால் பாதரசமும் டையாக்சினும் அதில் ஒட்டும். கடைசியில் பெரிய துணிப்பைகள் வழியாகப் புகையை வடிகட்டுவார்கள். மாவு சலிப்பதைப் போல.

இந்த உலையில் இரண்டு வகைச் சாம்பல் கிடைக்கும். உலையின் அடியில் விழுவது அடிச்சாம்பல். வடிகட்டும் பையில் பிடிபடுவது பறக்கும் சாம்பல். பறக்கும் சாம்பலின் அளவு குறைவு. ஆனால் நஞ்சு அதில்தான் அதிகம். சூட்டில் ஆவியான ஈயமும் காட்மியமும் குளிரும்போது இந்த மெல்லிய தூளில்தான் படியும். டையாக்சினும் இதில்தான் ஒட்டும். புகையை நன்றாக வடிகட்ட வடிகட்ட, பையில் சேரும் சாம்பலில் நஞ்சு கூடும்.

ஆகவே இரண்டு சாம்பலையும் கலக்கக் கூடாது. தனித்தனியாக வைக்க வேண்டும். பறக்கும் சாம்பலை மூடிய வண்டியில் கொண்டுபோக வேண்டும். சாம்பலை மெல்லிய அமில நீரில் கலக்கி, வடித்து, அந்த நீரில் எவ்வளவு ஈயம், காட்மியம் இறங்குகிறது என்று சோதிக்க வேண்டும். அளவு மீறினால் சிமெண்டுடன் கலந்து கட்டியாக்க வேண்டும். அடியில் தண்ணீர் இறங்காத விரிப்புப் போட்ட தனிக் குழியில் வைக்க வேண்டும். அந்தக் குழியைப் பல ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும்.

சில ஐரோப்பிய நாடுகளில் அடிச்சாம்பலிலிருந்து இரும்பைக் காந்தத்தால் பிரிக்கிறார்கள். சில காலம் ஆற வைக்கிறார்கள். சோதித்த பிறகு சாலையின் அடித்தளத்தில் போடுகிறார்கள். பறக்கும் சாம்பலை அப்படிப் போடுவதில்லை.

இத்தனையும் ஒழுங்காக நடக்க வேண்டும். ஒன்று தவறினாலும் நஞ்சு வெளியே வரும்.

7. தில்லி கற்ற பாடம்

நம் நாட்டின் தலைநகர் தில்லி. அங்கே திமார்ப்பூர் என்னும் இடத்தில் 1987இல் குப்பை எரிக்கும் உலை ஒன்று கட்டப்பட்டது. தொழில்நுட்பம் டென்மார்க் நாட்டிலிருந்து வந்தது. நாள் ஒன்றுக்கு 300 டன் குப்பை எரிக்கத் திட்டம்.

உலை சரியாக ஓடவில்லை. ஏன்? தில்லியின் குப்பை எரியவில்லை. அதில் காய்கறித் தோல், எச்சில் உணவு, மண் ஆகியவை அதிகம். ஈர விறகை அடுப்பில் வைத்தால் என்ன ஆகும்? புகையும், எரியாது. அந்தக் கதைதான். உலையை மூடிவிட்டார்கள்.

பிறகு 2012இல் தில்லி ஓக்லாவில் இன்னொரு பெரிய உலை ஓடத் தொடங்கியது. குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலை. அருகில் சுக்தேவ் விகார் போன்ற குடியிருப்புகள் இருந்தன. அங்குள்ள மக்கள் உலை வரும் முன்பே, 2009இல் வழக்குப் போட்டிருந்தார்கள். உலை வந்த பிறகு புகை பற்றியும், மொட்டைமாடியில் படியும் சாம்பல் பற்றியும் முறையிட்டார்கள். 2017 பிப்ரவரியில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தீர்ப்பு சொன்னது. உலை ஓடலாம், ஆனால் விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்றது. முன்பு நடந்த மீறல்களுக்காக உலை நடத்தியவர்கள் 25 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது.

இரண்டு உலைகளிலும் ஒரே பாடம்தான். உலை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதற்குள் போவதுதான் வெளியே வரும். ஈரம் போனால் சூடு குறையும். பி.வி.சி. போனால் டையாக்சின் வரும். செல் போனால் சாம்பலில் உலோகம் வரும். சாம்பலின் நஞ்சைக் கட்டுப்படுத்தும் வேலை உலையில் தொடங்குவதில்லை. வீட்டுக் குப்பைக்கூடையில் தொடங்குகிறது.

8. சட்டம் என்ன சொன்னது?

2000ஆம் ஆண்டில் மத்திய அரசு நகரக் குப்பை பற்றி விதிகள் கொண்டுவந்தது. குளோரின் உள்ள பிளாஸ்டிக்கை உலையில் எரிக்கக் கூடாது என்று அந்த விதிகள் சொன்னன. சாம்பலில் உள்ள நச்சு உலோகத்துக்கும் வரம்பு வைத்தன.

2016இல் புதிய விதிகள் வந்தன. குப்பையைத் தெருவில் எறியவோ, திறந்த வெளியில் எரிக்கவோ, புதைக்கவோ கூடாது என்றன. வீட்டிலேயே தரம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றன. சாம்பலில் நச்சு உலோகம் அளவு மீறினால் அதை அபாயக் கழிவு வைக்கும் தனி இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்றன.

அதே ஆண்டு டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஓர் ஆணை இட்டது. நாடு முழுவதும் திறந்த வெளியில் குப்பை எரிப்பதற்குத் தடை விதித்தது. சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது.

ஆனால் குப்பை வண்டி வராத தெருவில் அபராதம் மட்டும் போதாது. வண்டியும் வர வேண்டும். அதைக் கேட்பது மக்களின் உரிமை.

9. வீட்டில் செய்ய வேண்டியவை

மூன்று இடம் வையுங்கள். பெரிய செலவு இல்லை. ஒரு பழைய வாளி, ஒரு சாக்குப் பை, மூடி உள்ள ஒரு டப்பா போதும்.

வாளி: ஈரக் குப்பைக்கு. காய்கறித் தோல், மிஞ்சிய சோறு, டீத்தூள், வாழை இலை. நம் நாட்டு வீட்டுக் குப்பையில் ஏறத்தாழ பாதி இதுதான். இது நஞ்சு இல்லை. மக்க வைத்தால் எரு.

சாக்கு: உலர் குப்பைக்கு. காகிதம், அட்டை, பால் கவர், பாட்டில், தகரம், துணி. பால் கவரைக் கழுவிக் காய வைத்துப் போடுங்கள். பழைய பேப்பர்க்காரர் பலவற்றை எடுத்துக்கொள்வார். மீதியைக் குப்பை வண்டியில் கொடுங்கள்.

டப்பா: ஆபத்தான குப்பைக்கு. செல், பேட்டரி, பல்பு, டியூப் லைட், காலாவதியான மருந்து, பெயிண்ட் டப்பா, பூச்சி மருந்து டப்பா, காய்ச்சல் மானி. இந்த டப்பா குழந்தைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். டியூப் லைட்டை உடைக்காமல் தனியாக வையுங்கள். வாகன பேட்டரி, இன்வர்ட்டர் பேட்டரியைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

வாளியில் உள்ளது மக்கும். சாக்கில் உள்ளது விலை போகும். டப்பா நிறையப் பல மாதம் ஆகும். பிறகு எரிக்க என்ன மிஞ்சும்?

பெயிண்ட் அடித்த கட்டையை அடுப்பில் வைக்காதீர்கள். பிளைவுட் துண்டும் வேண்டாம். வெந்நீர் அடுப்புக்கும் இது பொருந்தும்.

10. ஏற்கெனவே கிடக்கும் சாம்பலை என்ன செய்வது?

சாம்பலைக் கண்ணால் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. முகர்ந்து பார்த்தும் சொல்ல முடியாது. எதை எரித்தோம் என்பதை வைத்துத்தான் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக்கோ, வயரோ, செல்லோ எரிந்திருந்தால் அது கெட்ட சாம்பல்.

- குழந்தைகளையும் கோழிகளையும் அங்கே விடாதீர்கள்.
- காய்ந்த சாம்பலைக் கூட்டாதீர்கள். பறக்கும். முதலில் தண்ணீர் தெளியுங்கள். ஓடும் அளவுக்கு ஊற்றாதீர்கள்.
- முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு அள்ளுங்கள்.
- கெட்டியான பையில் போட்டுக் கட்டுங்கள். மழை படாத இடத்தில் வையுங்கள்.
- நகராட்சி அல்லது ஊராட்சி ஆளிடம் இது குப்பைச் சாம்பல் என்று சொல்லிக் கொடுங்கள். சொல்லாமல் கொடுத்தால் எருக் குழியில் கொட்டிவிடுவார்கள்.
- கிணறு, குளம், வாய்க்கால் பக்கம் கொட்டாதீர்கள்.
- பாத்திரம் துலக்கவோ, பல் தேய்க்கவோ, செடிக்குப் போடவோ எடுக்காதீர்கள்.
- வேலை முடிந்ததும் கை கால் கழுவுங்கள். செருப்பை வாசலிலேயே விடுங்கள். அந்த உடையைத் தனியாகத் துவையுங்கள்.
- பல காலம் குப்பை எரித்த இடத்தில் கீரையும் கிழங்கும் போட வேண்டாம். வேறு இடத்திலிருந்து நல்ல மண் கொண்டுவந்து தொட்டியில் வளர்க்கலாம்.

11. ஊர் கூடிச் செய்ய வேண்டியவை

ஒரு வீடு மட்டும் எரிக்காமல் இருந்தால் போதாது. பக்கத்து வீட்டுச் சாம்பல் வேலி தாண்டி வரும். ஆகவே தெருவே சேர வேண்டும்.

மகளிர் குழுவில் பேசுங்கள். கிராம சபையில் மனு கொடுங்கள். மனுவில் மூன்று கோரிக்கைகள் எழுதலாம். ஒன்று, குப்பை வண்டி எந்தக் கிழமை வரும் என்று சொல்ல வேண்டும். இரண்டு, செல், பல்பு போடத் தனிப் பெட்டி வேண்டும். மூன்று, தூய்மைப் பணியாளருக்குக் கையுறை, முகக்கவசம், காலணி வேண்டும்.

தெருக் கூட்டுபவர் சருகையும் குப்பையையும் சேர்த்து எரித்தால் அவரைத் திட்டாதீர்கள். அள்ளிக்கொண்டு போக அவருக்கு வண்டி இருக்கிறதா என்று கேளுங்கள். வண்டி இல்லை என்றால் அவருக்காகவும் சேர்த்து மனு எழுதுங்கள். எழுதப் படிக்கக் கற்றதன் பயன் அதுவே.

நினைவில் வையுங்கள்

நெருப்பு குப்பையைக் குறைக்கும். நஞ்சைக் குறைக்காது.
விறகுச் சாம்பல் வேறு. குப்பைச் சாம்பல் வேறு.
தீயில் போடாதது சாம்பலில் வராது.

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.
1. பழைய பெயிண்டில் இருக்கும் நச்சு உலோகம் ______.
2. டியூப் லைட்டில் இருப்பது ______.
3. பி.வி.சி. அரைகுறையாக எரிந்தால் உண்டாகும் நஞ்சு ______.

ஆ. சரியா, தவறா?
1. எல்லாச் சாம்பலும் செடிக்கு நல்லது.
2. பறக்கும் சாம்பலில் நஞ்சு அதிகம்.
3. செல்லை எரித்தால் அதன் நஞ்சு அழிந்துவிடும்.

இ. கணக்கு
20 கிலோ குப்பையில் 20 கிராம் ஈயம் இருக்கிறது. எரித்த பின் 5 கிலோ சாம்பல் மிஞ்சியது. ஈயம் முழுவதும் சாம்பலில் தங்கினால், 1 கிலோ சாம்பலில் எத்தனை கிராம் ஈயம்?

ஈ. கலந்து பேசுங்கள்
1. உங்கள் தெருவில் குப்பை எங்கே எரிகிறது? அதன் அருகில் கிணறு, பள்ளி, கோழிக்கூண்டு உண்டா?
2. உங்கள் வீட்டில் இந்த வாரம் சேர்ந்த குப்பையில் ஆபத்தானவை எவை? பட்டியல் எழுதுங்கள்.

உ. எழுதிப் பாருங்கள்
குப்பை வண்டி வாரம் இருமுறை வர வேண்டும் என்று ஊராட்சித் தலைவருக்கு ஐந்து வரியில் ஒரு மனு எழுதுங்கள். கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.

விடைகள்
அ. 1. ஈயம் 2. பாதரசம் 3. டையாக்சின்
ஆ. 1. தவறு 2. சரி 3. தவறு
இ. 4 கிராம்